அத்தியாயம் 17: இரண்டு நிமிஷக் கெடு

சித்திரைக் கடைசியில் பட்டாசு கம்பெனியின் பதினாலாம் நம்பர் செட், அதாவது பட்டாசு செய்யும் கொட்டகை, எரிந்தபோது, அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கேமரா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தீப்பிடிப்பதற்கு முப்பத்தொன்பது நிமிஷம் முன்பே அது அணைந்துபோயிருந்தது. ஏன் அணைந்தது என்ற கேள்விக்கு சீனிவாசகத்தின் வீட்டில் ஆளுக்கொரு பதில் இருந்தது. எலி கடித்திருக்கும் என்றார் முதலாளி சீனிவாசகம். மட்டமான வயர் என்றான் மகன் ராஜபாண்டியன். சீனிவாசகத்தின் மனைவி பொன்னுத்தங்கம் மட்டும் சுற்றி வளைக்காமல் மருமகள் என்றார்.

மருமகள் சுகிர்தா, திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கும் வீட்டுப் பெண். சென்னையில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் வேலையில் இருந்தவள். கல்யாணமாகி சிவகாசிக்கு வந்ததும் விஸ்வநத்தம் பக்கத்து பட்டாசு கம்பெனிக்குக் கேமரா வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவள் அவள்தான். எனவே கேமரா சரியாக இருந்த நாளெல்லாம் அது கம்பெனியின் கேமரா. கெட்டுப்போன அன்று மட்டும் அது சுகிர்தாவின் கேமரா.

அந்தத் தீயில் கற்பகவல்லி என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் இரண்டு கைகளும் வெந்துபோயின. ஒரு செட்டுக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பதிவேட்டில் சரியாக நாலு பேர் இருந்தார்கள். ஐந்தாவதாக இருந்த கற்பகவல்லி தண்ணீர் கொடுக்கத் தன் இஷ்டத்துக்கு உள்ளே போனவள் என்று எழுதி, விசாரணையில் அவள் கையில் ஒரு செம்பையும் கொடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் நடந்து பத்து வாரம். பத்து வாரமாகக் கம்பெனிக்கு சீல்; சோதனை ஏற்பாட்டுக்கு மட்டும் உள்ளே போக அனுமதி. இன்று மூன்று மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள்.

காலை ஏழரைக்குச் சாப்பாட்டு மேஜையில் சீனிவாசகம் ஒரு இட்லியை எட்டாகப் பிய்த்து, எட்டையும் தட்டிலேயே வைத்திருந்தார்.

"சாப்பிடுங்க மாமா."

"மூணு மணிக்கு வர்றாகம்மா."

"தெரியும் மாமா."

"இன்னைக்கு மெசேஜ் வரலைன்னா லைசென்ஸ் போச்சு. அம்புட்டுதான். தீபாவளி ஆர்டர் போச்சு, அடுத்த தீபாவளியும் போச்சு. அறுபத்திரண்டு பேருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அதிகாரிகள் கொடுத்த கடிதம் சுகிர்தாவுக்கு மனப்பாடம். எந்தக் கேமரா அணைந்தாலும், இரண்டு நிமிஷத்துக்குள், உள்ளே பணியில் இருக்கும் ஃபோர்மேனின் கைபேசிக்குத் தகவல் போக வேண்டும். நேரில் சோதிக்கப்படும். தவறினால் உரிமம் ரத்து. மறு வாய்ப்பு என்ற சொல்லை அந்தக் கடிதத்தில் அவள் நாலைந்து தடவை தேடியிருக்கிறாள்.

"கேமரா வைக்கிறதுக்கு முந்தி இருவது வருசம் ஒரு பொறி பறந்துச்சா?" என்று பொன்னுத்தங்கம் சட்னியை வைத்தார்.

"அத்தை, கேமரா தீ வைக்காது."

"வைக்காதுதான். பாக்கவும் மாட்டேங்குதே."

சுகிர்தா கை கழுவிக்கொண்டு எழுந்தாள். அத்தையின் பேச்சில் அவளுக்கு எரிச்சலூட்டியது, அதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான்.

கம்பெனி ஆபீஸ் ரூம் வெளி கேட்டுக்கும் உள் கேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. உள் கேட்டைத் தாண்டினால்தான் செட்டுகள். ஒன்று வெடித்தால் இன்னொன்றுக்குப் பரவாமலிருக்க ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி, வேப்ப மரங்களுக்கு நடுவே நிற்கும். எல்லாக் கேமராக்களின் வயரும் மண்ணுக்கடியில் ஓடி வந்து, ஆபீஸ் சுவரில் மாட்டிய ஒரு பெட்டியில் சேர்கின்றன. அந்தப் பெட்டிக்குப் பெயர் ஸ்விட்ச். முதல் தடவை சுகிர்தா அப்படிச் சொன்னபோது சீனிவாசகம் எதைத் தட்டினால் லைட் எரியும் என்று கேட்டார்.

அது வயர் சொருக இருபத்துநாலு வாயுள்ள பெட்டி. ஒவ்வொரு வாயிலும் எவ்வளவு படம் வந்து விழுகிறது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். இன்ன அளவுக்குக் கீழே போனால் கூப்பிடு என்று நாம் அதனிடம் சொல்லிவைக்கலாம். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால், கேமரா மறுபடி உயிர் பெறும்வரை அந்தக் கேமராவைப் பற்றி வாயைத் திறக்காது. பொன்னுத்தங்கத்திடம் இந்த வசதி கிடையாது.

சொல்லிவைத்துவிட்டுப் போனவர் வெளியூர் டெக்னீசியன் ஒருவர். வெள்ளிக்கிழமை வந்தார், தட்டினார், டீ குடித்தார், போனார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் வேலை சுகிர்தாவிடம் வந்தது.

ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறந்த சுகிர்தா, பத்து மணிக்குத் தலையில் கை வைத்தாள்.

"என்னம்மா?" என்றார் சீனிவாசகம்.

"மாமா, நம்ம கரண்டு மீட்டர்ல நம்பரு எப்பவாவது கொறைஞ்சு பாத்திருக்கீகளா?"

"அது எப்படிக் கொறையும்? ஏறத்தான செய்யும்."

"பெட்டி எண்ணுறதும் அப்படித்தான். அந்த ஆளு அந்த மொத்த நம்பரு கொறைஞ்சா கூப்பிடுன்னு எழுதி வச்சிருக்காரு. கேமரா செத்து வருசம் ஆனாலும் அது கொறையாது. அரை நிமிசத்துக்கு ஒருக்க, இந்த அரை நிமிசத்துல எம்புட்டு ஓடுச்சுன்னு பாக்கச் சொல்லணும்."

"அப்ப வெள்ளிக்கெழமையில இருந்து இது சும்மாவா தொங்குச்சு?"

"சும்மாதான் மாமா."

சீனிவாசகம் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு மரத்தடியில் தூங்கிய ஆளைப் பார்க்கிற பார்வை.

எல்லா வாய்க்கும் மாற்றி எழுதி முடிக்கப் பதினொன்றேகால். கேமரா நின்றால் பெட்டி பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டரிடம் சொல்லும். கம்ப்யூட்டர் ஃபோர்மேன் பெத்தணனின் நம்பருக்கு மெசேஜ் அனுப்பும். இனி சோதிக்க வேண்டியதுதான்.

ஒன்பதாம் நம்பர் செட்டில் பெத்தணன் நின்று கேமரா வயரைப் பிடுங்க வேண்டும். மெசேஜ் வந்தால் வெள்ளைத் துண்டு, வராவிட்டால் சிவப்புத் துண்டு. சத்தம் போட்டால் கேட்காத தூரம் என்பதால் ராஜபாண்டியன் செய்த ஏற்பாடு இது. துண்டைப் பார்க்க உள் கேட்டருகில் ஸ்டூல் போட்டு அவனே ஏறி நின்றான்.

முதல் தடவை. இரண்டு நிமிஷம். சிவப்புத் துண்டு.

சுகிர்தா எல்லை அளவைக் கூட்டினாள். இரண்டாவது தடவை. சிவப்பு.

கம்ப்யூட்டர் 'அனுப்பப்பட்டது' என்று காட்டியது. கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த சிம் கார்டு பொய் சொல்கிறது என்று முடிவு செய்து, ராஜபாண்டியனை பைக்கில் சிவகாசிக்கு விரட்டி வேறு கம்பெனி சிம் வாங்கிவரச் செய்தாள். அவன் போய்த் திரும்ப முக்கால் மணி நேரம். மூன்றாவது தடவை. சிவப்புத் துண்டு முன்னைவிட வேகமாக ஆடியது. பெத்தணனுக்கும் பசி.

மணி ஒன்று ஐம்பது.

சுகிர்தாவின் விரல்கள் சரியான எழுத்தைத் தப்பாகத் தட்டத் தொடங்கின. ஒரே வரியை மூன்று தடவை அடித்தாள். சென்னையில் நானூறு கிளைகளுக்கு இதே வேலையைச் செய்தவள், ஒரு வேப்பந்தோப்புக்குச் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் மாமனார். அவர் திட்டியிருந்தால் தேவலாம். கடைசியில், "நீ என்னம்மா செய்வ" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

முகம் கழுவலாம் என்று வெளியே வந்தாள். உள் கேட்டருகில் தகரப் பெட்டியை மடியில் அணைத்தபடி முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். கற்பகவல்லியின் அம்மா. உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி, பீடி, போன் மூன்றையும் வாங்கி வைப்பது அவள் வேலை. மகள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள். சீல் வைத்த கம்பெனிக்குள் ஒரு குண்டுமணி வெடிமருந்து கிடையாது. அதற்காக அவள் சட்டத்தைத் தளர்த்திவிடவில்லை.

"தாயி, ஒண்ணு சொல்லவா?" என்றாள் முத்துப்பேச்சி. "பெத்தணண்ணன் போனு காலையில இருந்து மூணு தரம் கத்திருச்சு. நான் எடுக்கல. வேலை நேரத்துல யாரு போனையும் தொடக்கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காகள்ல."

சுகிர்தா அவளைப் பார்த்தாள். பிறகு தகரப் பெட்டியைப் பார்த்தாள்.

"அவரு போனு உங்ககிட்டயா இருக்கு?"

"பின்ன? போனோட உள்ள விட நான் என்ன கிறுக்கியா?"

பணியில் இருக்கும் ஃபோர்மேனின் கைபேசிக்குத் தகவல் போக வேண்டும் என்பது ஒரு விதி. பணியில் இருக்கும் யாரும் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் கம்பெனி ஒரே நாளில் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அதுதான் முதல் தடவை. விளைவு, மெசேஜ் மூன்றும் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. மெசேஜ் தன் போனுக்குத்தான் வரும் என்று பெத்தணனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை; எதுவும் வராததால் சிவப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சுகிர்தா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முத்துப்பேச்சிக்குப் புரியவில்லை. சுகிர்தாவுக்கும் புரியவில்லை.

"சங்கு ஊதுற பொத்தான் எங்கன இருக்கு?"

"இங்கனதான், கேட்டுச் செவத்துல. சாப்பாட்டுக்கு நான்தான ஊதுவேன்."

"உங்க போனு?"

முத்துப்பேச்சி இடுப்பிலிருந்து பட்டன் போன் ஒன்றை எடுத்தாள். கேட்டுக்கு வெளிப்பக்கம் உட்காருகிறவள் என்பதால் அவளுக்கு மட்டும் அனுமதி உண்டு.

"இதுக்கு மெசேஜ் வரும். வந்த ஒடனே சங்க ஊதணும். வேற எதுவும் யோசிக்கப்படாது. சங்கு கேட்டா பெத்தணண்ணன் எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்துருவாரு."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே தாயி."

"வாசிக்க வேணாம். கத்துனா ஊதுங்க. உங்களுக்கு வேற யாரு மெசேஜ் போடுறா?"

"யாரு போடுறா" என்று முத்துப்பேச்சி ஒப்புக்கொண்டாள். பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டாள். "இது அன்னைக்கே இருந்திருந்தா, எம்மக கை தப்பியிருக்குமா?"

"தப்பியிருக்கும்" என்று சொல்லச் சுகிர்தாவுக்கு வாய் வரவில்லை. "தெரியலையே" என்றாள். முத்துப்பேச்சி தலையாட்டிக்கொண்டாள்.

இரண்டே முக்காலுக்கு ஒரு தடவை சோதித்தார்கள். சங்கு ஊதிய சத்தத்தில் பெத்தணன் எந்தத் துண்டைக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் காட்டினார்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி ஒல்லியானவர், பேச்சு குறைவு. அவரிடமும் முத்துப்பேச்சி போனைக் கேட்டாள். சீனிவாசகத்துக்கு முகம் வெளிறியது. அதிகாரி மறுபேச்சில்லாமல் கொடுத்து, போனுக்கு அவள் கொடுத்த டோக்கனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஃபோர்மேனின் போனுக்குப் பதிலாகச் சங்கு என்றதும் அவர் நெற்றி சுருங்கியது. "கடிதத்துல அப்படி இல்லையேம்மா."

"சார், கடிதத்துல இருக்கிறபடி செஞ்சா மெசேஜ் இந்தத் தகரப் பெட்டிக்குத்தான் சார் போகும். காலையில மூணு தடவை போச்சு."

அவர் தகரப் பெட்டியைப் பார்த்தார். தன் டோக்கனைத் தொட்டுப் பார்த்தார். "சரி, பார்ப்போம்."

எந்தச் செட்டுக்குப் போகிறார் என்று யாரிடமும் சொல்லாமல் தனியாக உள்ளே நடந்தார். ஆபீஸ் திரையில் ஒரு கேமரா இருண்டதும் சுகிர்தா கடிகாரத்தின் முன் நின்றாள். ஒரு நிமிஷம். மாமனாரின் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாரா, வேண்டுகிறாரா தெரியவில்லை. ஒன்றேகால். இப்போது வராவிட்டால் இந்தக் குடும்பத்தில் தன் பெயர் என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஒன்றரை நிமிஷம்.

சங்கு ஊதியது.

சற்றுமுன் சோதனைக்கு ஊதியது தவிர, பத்து வாரமாக ஊதாத சங்கு. முத்துப்பேச்சி விரலை எடுக்கவே இல்லை. பெத்தணன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து எடுத்த பிறகுதான் நின்றது.

திரும்பி வந்த அதிகாரி, "ஒரு நிமிஷம் முப்பத்தேழு செகண்ட்" என்றார். சிரித்த மாதிரிகூட இருந்தது. சீனிவாசகம் நாற்காலியில் சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"ஏலே ராஜா, சாருக்கு டீ சொல்லு. காராச்சேவு எடுத்துட்டு வா. தாயி, நீதாம்மா காப்பாத்துன. எம்மக மாதிரி நின்ன. அத்தை கெடக்கா, விடு."

"ஒரே ஒரு ஃபார்மாலிட்டி" என்றார் அதிகாரி. "அந்தப் பெட்டியில பதிவு இருக்கும்ல, எப்ப எந்தக் கேமரா நின்னது, எப்ப வந்ததுன்னு. அதை பிரிண்ட் எடுத்துக் குடுங்க. ஃபைல்ல வைக்கணும்." அவர் டீயை வாங்கிக்கொண்டு சீனிவாசகத்தோடு வெளித் தாழ்வாரத்துக்குப் போனார்.

சுகிர்தா பதிவைத் திறந்தாள். மேலே இன்றைய வரிகள். கீழே இறங்க இறங்கப் பழைய தேதிகள். மின்சாரம் போனாலும் அழியாத பதிவு அது. விசாரணையில் கேமராவின் படங்களைக் கேட்டார்களே தவிர, பெட்டியின் பதிவை யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவளை, தீப்பிடித்த நாளிலிருந்து இன்று காலைவரை இந்தப் பெட்டிப் பக்கம் வரவிடவில்லை.

சித்திரைக் கடைசி. காலை 9.52. பதினாலாம் வாய்.

வயர் அறுந்தால் பெட்டி ஒரு விதமாக எழுதும். கேமரா பழுதானால் வேறு விதமாக எழுதும். இங்கே இரண்டும் இல்லை. யாரோ பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழைந்து, பதினாலாம் வாயை மூடு என்று கட்டளை கொடுத்திருந்தார்கள். இதே ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து. நுழைந்த பெயர்: ராஜபாண்டியன்.

எலி கடிக்கவில்லை. வயர் மட்டமில்லை. நாலு பேருக்கு மேல் உள்ளே இருந்ததைக் கேமரா பார்க்கக் கூடாதென்று அதன் கண்ணை மூடியிருக்கிறார்கள். கற்பகவல்லி தண்ணீர் கொடுக்கப் போகவில்லை. வேலைக்கு உட்காரவைக்கப்பட்டிருக்கிறாள்.

வாசலில் நிழல் விழுந்தது. காராச்சேவுத் தட்டோடு ராஜபாண்டியன் நின்றான். திரையைப் பார்த்தான்.

"சுகி," என்றான் மெதுவாக. "இன்னைக்கு உள்ளது மட்டும் போதும். மொதப் பக்கம்."

அவள் அவனைப் பார்த்தாள். தாழ்வாரத்தில் மாமனார் சிரிக்கும் சத்தம் கேட்டது. பத்து வாரத்தில் முதல் சிரிப்பு. முதல் பக்கம் மட்டும் என்றால் திங்கட்கிழமை சீல் நீங்கும். அறுபத்திரண்டு பேர் உள்ளே வருவார்கள். அத்தை சட்னியைச் சத்தமில்லாமல் வைப்பார். செம்பு மட்டும் கற்பகவல்லியின் கையிலேயே இருக்கும்.

பிரிண்டர் இழுக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. ராஜபாண்டியன் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டான்.

அதிகாரி உள்ளே வந்து கத்தையை வாங்கி, புரட்டாமலே ஃபைலில் வைத்துக்கொண்டார். "வழியில பாத்துக்கிறேன்" என்று கிளம்பினார்.

"எத்தனை பக்கம் குடுத்த?" என்றான் ராஜபாண்டியன்.

"பதினொண்ணு."

"எல்லாமா?"

"எல்லாம்தான். பத்து வாரம் என்னை வீடே குத்தம் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நீங்க வாயில கொழுக்கட்டை வச்சுக்கிட்டு இருந்தீக."

அவன் தட்டை மேஜையில் வைத்தான். உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நான் இங்கன இல்ல சுகி. விடிய முந்தியே சாத்தூருக்கு லோடு கொண்டு போயிட்டேன்."

"அப்ப உங்க பேருல யாரு உள்ள போனது?"

"போன் வந்துச்சு. கேமரா என்னமோ மினுங்குது, எப்படிடா அணைக்கிறதுன்னு கேட்டாக. பாஸ்வேர்டு சொன்னேன். இத அமுக்குங்க, அத அமுக்குங்கன்னு ஒவ்வொண்ணா நானே சொல்லிக் குடுத்தேன்."

"யாரு கேட்டா?"

ராஜபாண்டியன் திரும்பி ஜன்னல் வழியே அப்பாவைப் பார்த்தான்.

வெளியே சீனிவாசகம் தன் கையாலேயே ஜீப் கதவைத் திறந்துவிட்டு, குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதிகாரி உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடியில் ஃபைலை விரித்தார். சித்திரைக் கடைசி இருப்பது பதினோராம் பக்கத்தில். அவர் எச்சில் தொட்டு முதல் பக்கத்தைத் திருப்பினார்.